ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

"சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க." மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, வைஃபை படுத்துக்கொண்டால் தொலைபேசியில் முதலில் வரும் மருந்து இது. கேலி செய்வது சுலபம். ஆனால் பல நாள் கேட்கிறது. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் சின்னப் பெட்டிக்கு நினைவகம் அடைத்துக்கொள்ளும். மறுபடி எழும்போது அதெல்லாம் துடைபடும்; பல ரவுட்டர்கள் நெரிசல் குறைந்த சேனலையும் தேடிக்கொள்ளும்.

அப்படித் தேடினாலும் இடம் எங்கே இருக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. மாட வீதிப் பக்கத்து ஃபிளாட்டில் நான் லேப்டாப்பைத் திறந்தால் பத்தொன்பது வைஃபை பெயர்கள் வரிசை கட்டுகின்றன. அறுபத்து மூவர் அன்றைக்குக் கோயில் வாசலில் ஆட்டோ பிடிக்கிற கதைதான். 5 கிகாஹெர்ட்ஸில் 2018இல் அரசு கூடுதல் அலைவரிசையை உரிமமின்றித் திறந்துவிட்டதால் அங்கே நெரிசல் குறைவு. ஆனால் அது சுவருக்குப் பயந்தது. ஹாலிலிருந்து பின்கட்டு அறைக்கு வருவதற்குள் சோர்ந்துவிடும்.

இந்த மருந்தின் பெரிய குறை, நோய் எங்கே என்று அது சொல்வதே இல்லை. ஒரு நவராத்திரியில் மூன்று நாள் விடாமல் ஆஃப்-ஆன் செய்தேன். அலுவலக மீட்டிங்கில் என் குரல் துண்டு துண்டாகப் போனது. நாலாம் நாள்தான் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கே பிங் அடித்துப் பார்த்தேன். அறையிலிருந்து பதில் வர 300 மில்லிசெகண்ட். ரவுட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் 2. வெளியே வரும் லைனில் கோளாறு என்றால் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இணையம் இழுத்திருக்கும். இது வீட்டுக்குள்ளேயே இருந்த கோளாறு: ரவுட்டரை மறைத்தபடி நின்ற இரும்புக் கொலுப்படி. பொம்மைகள் மேல் பழியில்லை. ரவுட்டரைப் பரண் விளிம்புக்கு ஏற்றினேன், தீர்ந்தது.

பாஸ்வேர்டிலும் இப்படி ஒரு சுலப வழி உண்டு. கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் நம் மொபைல் எண்ணையே போட்டுவிட்டுப் போகிறார். பாட்டிகூட ஒப்பிப்பார், மறக்காது. பூட்டே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சலைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் பூட்டாத வைஃபை ஒன்றின் சொந்தக்காரர் வீட்டில் போய் நின்றது. ஆனால் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்திலக்க மொபைல் எண்கள் மொத்தமே 400 கோடி. லேப்டாப் ரவுட்டரோடு சேரும் அந்த நொடியின் பேச்சை ஒருவர் காற்றில் பதிந்துகொண்டால், அத்தனையையும் போட்டுப் பார்ப்பது நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சில மணி நேர வேலை. சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒட்டிப் போட்டாலே அந்தக் கணக்கு படுத்துவிடும். வைஃபை பெயரை மறைத்து வைக்கும் வித்தையை நான் நம்புவதில்லை. அப்புறம் லேப்டாப்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு திரியும்.

பாஸ்வேர்டை மாற்றத் தயங்குகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லேப்டாப்பில் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகச் சேர்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. டிவிக்கு அரை மணி நேரம். பிரிண்டர் இன்னும் சேரவில்லை.