தலைக்கட்டும் வாழிடமும்: முதியோர், ஊனமுற்றோர் குடியேற்றம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

ஓய்வு பெற்றோரும் ஊனமுற்றோரும் பிற நாடொன்றில் குடியேற விண்ணப்பிக்கும்போது, அவர்களை ஏற்பது அந்நாட்டின் கடமையாகுமா என்னும் வினா மேலைநாட்டுச் சட்டமன்றங்களோடு நின்றுவிடுவதன்று. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் பிள்ளைகளிடம் போய்ச் சேர விரும்பும் பெற்றோர் நம் சபைகளிலும் உள்ளனர். இவ்வினாவுக்கு விடை கூறும் சட்டங்களையும், அவற்றுக்குத் துணையாக நம்மவர் கையாளும் திருமறை விளக்கங்களையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். ஆய்வுக்கு உரைகல்லாக நாம் கொள்வது பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பங்களில் வழங்கிவரும் பாடு முறையாகும். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்னும் கேள்விக்கு ஒரு சிறு சமுதாயம் தானே கண்ட விடை அது.

1. பாடு முறை

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களே இறால் மிகுந்தவை. அவ்விடங்களில் யார், எந்நாளில் வலை கட்டலாம் என்பதை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடு முறையால் வரையறுத்து வந்துள்ளன. முறை வைத்து ஒருவர்பின் ஒருவராக இடம் பெறுவதே இதன் சாரம். முறையில் நிற்கும் உரிமை தலைக்கட்டுப் பட்டியலில் இடம் பெற்றவர்க்கே உண்டு. தலைக்கட்டு என்பது பொதுவாக உழைத்து ஊர்வரி செலுத்தும் ஆண்மகனைக் குறிக்கும். வெளியூரார் எளிதில் அதில் சேர இயலாது.

இதனை வெறும் தன்னலம் என்று தள்ளிவிட நாம் துணியோம். முகத்துவாரம் மணல் மூடி அடைபடும் காலங்களில் இறால் வரத்துக் குன்றுகிறது. எல்லாரும் ஒருங்கே இறங்கினால் எவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. பற்றாக்குறையின் நடுவே சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ள எழுந்த நீதி இது. எனினும் இதன் குறைகளையும் மறைக்கலாகாது. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவரும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களும் இப்பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையின் பல ஊர்களில் நிவாரணப் பொருள்கள் தலைக்கட்டுக் கணக்கின்படி பங்கிடப்பட்டபோது, விதவைகளும் முதியோரும் விடுபட்டனர் என்ற முறையீடுகள் எழுந்தன. கடலில் இறங்கும் உரிமையை எண்ணுவதற்கு எழுதிய பட்டியல், பசித்தோரை எண்ணுவதற்கும் பயன்பட்டதால் வந்த தீங்கு இது.

ஆயினும் இம்முறையில் ஓர் அறிவு பொதிந்திருப்பதை நாம் காணவேண்டும். வலை இழுக்கும் வலிமை குன்றியவர் குப்பத்தைவிட்டு வெளியேற்றப்படுவதில்லை. அவர் நிழலிலிருந்து வலை பழுதுபார்க்கிறார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார். வலை கட்டும் முறை வேறு, வாழும் இடம் வேறு. இவ்வேறுபாடே நம் திறனாய்வின் அச்சாணி.

2. நாடுகளின் சட்டங்கள்

இன்றைய குடியேற்றச் சட்டங்கள் பல இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. அமெரிக்காவின் 1882ஆம் ஆண்டுச் சட்டம், தன்னைத் தானே பேண இயலாமல் பொதுச் செலவுக்குச் சுமையாகக் கூடியவர் என்று கருதப்பட்டோரைக் குற்றவாளிகளோடு ஒரே வரிசையில் வைத்து விலக்கியது. ஆஸ்திரேலியாவில் 1992ஆம் ஆண்டு ஊனமுற்றோர்க்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் குடியேற்றச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. ஒருவருடைய மருத்துவ, பராமரிப்புச் செலவு குறித்த எல்லையைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். 2024 ஜூலையில் அவ்வெல்லை 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, பிள்ளைகளைச் சேர விரும்பும் முதிய பெற்றோர், தமக்கு வேண்டிய நீண்டகாலப் பராமரிப்புத் தம் நாட்டில் கிடைக்கவே இயலாது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, ஊனமுற்றோரின் நடமாட்ட உரிமையையும் குடியுரிமையையும் வலியுறுத்துகிறது. ஆஸ்திரேலியாவோ தன் குடியேற்ற மருத்துவ விதிகளை அது தொடாது என்னும் விளக்கத்தோடு 2008இல் அதனை ஏற்றது.

மறுபுறம், முதுமை எல்லா இடத்திலும் தடையாவதில்லை. மலேசியா 2002 முதல் நடத்திவரும் ‘எனது இரண்டாம் இல்லம்’ திட்டமும், தாய்லாந்து ஐம்பது வயது கடந்தோர்க்கு வழங்கும் அனுமதியும் பணமுடையவரை வரவேற்கின்றன. ஆகவே அளக்கப்படுவது நரையன்று, பணப்பை என்பது தெளிவு.

நம் நாட்டின் நிலையும் ஆராயத்தக்கது. பழவேற்காடு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983க்குப் பின் கடல் கடந்து வந்தோரை, அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பமிடாத இந்தியா, முதியவர் என்றோ ஊனமுற்றவர் என்றோ பிரித்துப் பாராமல் கரையேற்றியது. இது பாராட்டுக்குரியது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழி செய்தது; இலங்கைத் தமிழர் அதில் இடம்பெறவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நடுவயதில் வந்தவர் பலர் முகாமிலேயே முதுமை எய்தியுள்ளனர். மேலைநாடுகள் வாயிலிலேயே தடுக்கின்றன. நாமோ வாயிலைத் திறந்துவிட்டுத் திண்ணையிலேயே இருத்திவிட்டோம்.

3. திருமறை வாசிப்பு

இப்பொருளில் நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுபவர் கீலேயாத்தியனாகிய பர்சிலா (2 சாமு. 19:31-39). எண்பது வயதான அவர், எருசலேமுக்கு வரும்படி தாவீது அழைத்தபோது, ராஜாவுக்குப் பாரமாயிருக்க விரும்பாமல் தம் ஊரிலேயே மரிக்க விடைபெற்றார். முதியோர் பிறர்க்குச் சுமையாகாமல் இருந்த இடத்திலேயே அமைதி காணவேண்டும் என்பதற்கு இதனை மாதிரியாகக் காட்டுவர். இவ்விளக்கம் பிழையானது என்று கருதுகிறோம். பர்சிலா மக்னாயீமில் அரசனையே போஷித்த பெருஞ்செல்வர். அவருக்கு அழைப்பு வந்தது. அதன்பின்னரே அவர் மறுத்தார். அழைக்கப்பட்டவன் தன் விருப்பத்தால் மறுப்பதற்கும், அழைப்பே பெறாதவனை வெளியே நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பிரசங்கம் அழித்துவிடுகிறது.

வலுவான மறுப்பு ஒன்றை இங்கே எதிர்கொள்ள வேண்டும். வாழிடம் வேறு, வலைமுறை வேறு என்பது சரியே. ஆனால் இக்கால அரசில் வாழிடம் கிடைத்தால் மருத்துவமனையிலும் உதவித்தொகையிலும் பங்கு கிடைக்கிறது. நாற்பது ஆண்டுகள் வரி செலுத்தியவன் சேர்த்துவைத்ததில், ஒன்றும் செலுத்தாத முதியவன் பங்கு கேட்பது நீதியா என்பர். இதற்குப் பேசோர் ஆற்றண்டை தாவீது அளித்த தீர்ப்பு விடை தருகிறது (1 சாமு. 30:21-25). களைத்துப்போய் ஆற்றைக் கடக்க இயலாமல் பின்தங்கிய இருநூறு பேருக்கும், போருக்குச் சென்ற நானூறு பேருக்கும் சமபங்கு என்று அவர் விதித்தார். கொள்ளையை உழைப்பின் கூலியாக அன்றி ஆண்டவர் தந்த ஈவாகக் கண்டதே அத்தீர்ப்பின் அடிப்படை.

எனினும் அந்த இருநூறு பேரும் தாவீதின் சொந்தப் படையினரே, அந்நியர் அல்லர். ஆகவே இப்பகுதி ஒன்றை மட்டும் கொண்டு வாதத்தை முடிக்கலாகாது. அந்நியரைப் பற்றிய சொல் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்க வேண்டும் என்னும் கட்டளைக்கு (வச. 32) அடுத்து வருவதே, அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணி நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை (வச. 33-34). செவிடனையும் குருடனையும் பற்றிய பிரமாணம் அதே அதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் உள்ளது. நாம் இவற்றைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்துப் பிரசங்கிக்கிறோம். பரிசுத்தம் பற்றிய ஒரே போதனைக்குள் மூன்றும் நிற்கின்றன. குருடரும் சப்பாணிகளும் வீட்டிற்குள் வரலாகாது என்ற பழமொழியை 2 சாமுவேல் 5:8 பதிவு செய்கிறது, மத்தேயுவோ அவர்கள் குருடராகவும் சப்பாணிகளாகவுமே தேவாலயத்தில் இயேசுவினிடத்தில் வந்ததாகக் காட்டுகிறார் (மத். 21:14). அவர்கள் குணமடைந்தது உள்ளே வந்த பின்னரே. குணமடைதல் நுழைவுக்கு நிபந்தனையாக வைக்கப்படவில்லை.

4. எல்லையும் கடமையும்

எந்நாடும் எவ்வித எண்ணிக்கையுமின்றி எல்லாரையும் ஏற்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஏரிக்கு எல்லை உண்டு, மருத்துவமனைக்கும் உண்டு. வரிசையில் காத்திருக்கச் செய்வதும், இயன்ற பிள்ளைகளைச் செலவில் பங்கேற்கச் செய்வதும் அநீதியாகா. ஆனால் ஊனத்தின் பெயரை மட்டும் கண்டு விலக்குவதும், உழைக்கும் மகளை ஏற்று அவளை வளர்த்த தாயை மறுப்பதும், செலவை மட்டும் எழுதிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைப் பேணும் பாட்டியின் உழைப்பைக் கணக்கில் விடுவதும் அநீதியாகும். அகதிகளையும், குடிமக்கள் அழைக்கும் கணவன் மனைவியரையும் பிள்ளைகளையும் மிகுசெலவுத் தடையிலிருந்து கனடா விலக்கியிருப்பதும், ஏனையோர்க்கு 2018இல் செலவு எல்லையை மும்மடங்காக்கியதும், வேறு வழி இயலக்கூடியதே என்பதைக் காட்டுகின்றன.

அரசுகளை நோக்கி இதைச் சொல்லும் திருச்சபை தன் பட்டியலையும் எடுத்துப் பார்க்கவேண்டும். சந்தா செலுத்தியவர் பெயரே வாக்காளர் பட்டியலில் நிற்கும் சபைகள் நம்மிடையே பல. படுக்கையிலிருக்கும் முதியவரும், சம்பாதிக்க இயலாத ஊனமுற்றவரும் அங்கே எத்தலைக்கட்டில் சேர்க்கப்படுகின்றனர்? கர்த்தருடைய பந்தியில் இடம் உண்டு, கூட்டத்தில் குரல் இல்லை என்றால், நாமும் அவர்களைத் திண்ணையிலேயே இருத்தியிருக்கிறோம். நிர்வாகக் குழுக்கள் கூடும் வேளையில் ஆயர்களும், நாளை ஆயர்களாகவிருக்கும் மாணவர்களும் முதலில் எழுப்பவேண்டிய கேள்வி இதுவே.