வள்ளலும் விளம்பரமும்

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடச் சீதக்காதியும், அவருக்குப்பின் அபுல் காசிம் மரைக்காயரும் புரவலராய் நின்றனர். இன்றைய காணொளிக் கலைஞருக்கோ விளம்பரமே புரவலர். 2018 முதல், நீண்ட காணொளிகளுக்கு யூடியூபின் விளம்பரப் பங்கைப் பெற 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இப்புரவலர் நாழிகையை எண்ணுவார், பொருளை எடைபோடார்.

கோம்பை எஸ். அன்வரின் ‘யாதும்’ (2013) தமிழ் முஸ்லிம்களின் வேரைப் பொறுமையுடன் தேடும் ஆவணப்படம். பரபரப்பை நாடாமையே அதன் சிறப்பு. பார்வைக் கணக்கை மட்டும் நம்பினால் அத்தகைய படம் பிறவாது. கணியம்பாடியில் கேமரா ஏந்தும் இளைஞர் கலியாண வீடியோ எடுத்து ரிஸ்கைத் தேடட்டும். அது ஹலாலான உழைப்பு. எதைப் படமாக்குவது என்பதை மட்டும் நிய்யத்தே தீர்மானிக்கட்டும். நம் செல்வர்களும் ஒரு படத்தின் செலவையேனும் ஏற்கவேண்டும். இல்லையேல் நம் வரலாற்றை விளம்பரதாரரே எழுதுவர்.