அங்கதமும் அதிகாரமும்: காஞ்சி சார்ந்த மூன்று படைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எள்ளல், அங்கதம், வசை, பகடி, நையாண்டி ஆகிய சொற்கள் இக்காலத் திறனாய்வில் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. தொல்காப்பியம் இவற்றுள் சிலவற்றுக்குத் தெளிவான எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லைகள் இன்றும் பயன்படுமா என்பதைக் காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய மூன்று படைப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அவை புறநானூற்றின் 95ஆம் பாடல், மத்தவிலாசப் பிரகசனம், அறிஞர் அண்ணாவின் நீதிதேவன் மயக்கம் ஆகியன.

திறவுச்சொற்கள்: எள்ளல், அங்கதம், செம்பொருள், பழிகரப்பு, காஞ்சிபுரம், பிரகசனம்

முன்னுரை

நகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் எனப் பேராசிரியர் விரிப்பார். அங்கதமோ செய்யுளியலில் இடம்பெறுகிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். அதுவே வசை எனப்படும். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு. எனவே எள்ளல் உணர்வின் பெயர். அங்கதம் அவ்வுணர்வு கொள்ளும் வடிவங்களுள் ஒன்றின் பெயர். பிற்காலத்துத் தண்டியலங்காரம், புகழ்வது போலப் பழித்தலையும் பழிப்பது போலப் புகழ்தலையும் இலேச அணியோடு சேர்த்துரைக்கிறது.

இவ்விலக்கணங்கள் கூற்றின் அமைப்பை விளக்குகின்றன. யார், யாரை, யார் முன்னிலையில் எள்ளுகிறார் என்ற வினாவை இவை விரித்துப் பேசவில்லை. நிறுவனங்களை எள்ளும் படைப்புகளை மதிப்பிட அவ்வினா இன்றியமையாதது.

மறைப்பு எங்கே உள்ளது?

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடப்பட்டது புறம் 95 என்பது அதன் கொளுவால் அறியப்படுகிறது. பாடலில் ஊர்ப்பெயர் இல்லை. எனினும் தொண்டைமான் என்னும் பெயர் கச்சியை ஆண்டோருக்கு உரியது என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்று. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் இருப்பவை தொண்டைமானின் கருவிகள். பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடப்பவை அதியமானின் வேல்கள்.

இப்பாடல் புகழ்வது போலப் பழித்தலுக்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகக் காட்டப்படுகிறது. அது ஒருவகையில் பொருந்தும், முழுமையாகப் பொருந்தாது. ஔவையார் கூறும் ஒரு சொல்லும் பொய்யன்று, எதிர்ப்பொருள் தருவதுமன்று. கருவிகள் உண்மையாகவே அழகியவை. இரண்டு உண்மைகள் அருகருகே வைக்கப்படும்போது அவற்றின் இடைவெளியில் பழி தோன்றுகிறது. மறைப்பு சொல்லில் இல்லை, ஒப்பீட்டில் உள்ளது. படை உடைய மன்னனின் முன், அவனுடைய கொட்டிலிலேயே நின்று பேசும் தூதருக்கு இந்நடை காப்பாகவும் அமைகிறது. சொல்லப்பட்ட எதையும் அவனால் மறுக்க இயலாது.

மேலிருந்து வரும் எள்ளல்

முதலாம் மகேந்திரவர்மன் (கி.பி. ஏறத்தாழ 600–630) வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம் காஞ்சி நகரிலேயே நிகழ்கிறது. மது மயக்கத்தில் கபாலத்தைத் தொலைத்த சத்தியசோமன் என்னும் காபாலிகன், நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியின்மேல் ஐயம் கொள்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவராகிறான். இறுதியில் நாயொன்று கவர்ந்து சென்ற கபாலம் ஒரு பித்தனிடமிருந்து கிடைக்கிறது. இந்நூல் 1917இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அச்சேறியது.

அரசன் தன் குடிகளின் சமயங்களை நகையாடுவது எளிய செயல். அவனைத் திருப்பி எள்ளுவார் இலர். ஆயினும் நாடகத்தில் ஓரிடம் இம்மதிப்பீட்டைச் சிக்கலாக்குகிறது. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்னும் பேச்சு எழும்போது, காபாலிகனின் துணைவி தேவசோமை அதனை மறுக்கிறாள். விகாரங்களின் செல்வத்தைத் திரட்டிய துறவியால் நீதி அலுவலர்களின் வாயை நிரப்ப முடியும்; வறியவர்களான தங்களால் முடியாது என்பது அவள் வாதம். மன்னனின் நாடகமே மன்னனின் நீதிமன்றத்தைக் கையூட்டு வாங்குமிடமாகக் காட்டுகிறது.

இவ்வெள்ளலுக்கும் எல்லை உண்டு. அது குடிமயக்கத்தில் திரியும் இணையருள் ஒருத்தியின் வாயில் வைக்கப்பட்டுள்ளது. நாடகத்தின் தொடக்கம் அரசனைப் புகழ்கிறது. சமயத்தார்மீது செம்பொருளாகவும் அலுவலர்மீது பழிகரப்பாகவும் பாயும் அங்கதம் அரியணையை அணுகுவதில்லை. ஒரே பிரதியில் அங்கதத்தின் இருவகையும் இலக்கின் அதிகாரத்திற்கேற்பப் பிரிந்து நிற்பது இங்குக் கருதத்தக்கது.

தீர்ப்பை எள்ளுதல்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, 1942இல் அவ்வூரிலிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அவருடைய நீதிதேவன் மயக்கம், இராவணன் இரக்கமற்றவன் என்னும் கம்பரின் தீர்ப்பை மறுவிசாரணைக்கு உட்படுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் வினவுகிறான், நீதிதேவன் மயங்குகிறான். தலைப்பிலுள்ள ‘மயக்கம்’ உணர்விழத்தலையும் தெளிவின்மையையும் ஒருங்கே குறித்து, நீதி வழங்கும் இருக்கையையே நகைப்புக்குரியதாக்குகிறது. புராணக் களமும் நீதிமன்ற நடைமுறையும் இங்குப் பழிகரப்பின் திரைகளாகின்றன. ஆரியமாயை என்னும் நேரடிக் கண்டன நூலுக்காக 1950இல் அவர் தண்டிக்கப்பட்டதை நோக்க, செம்பொருளுக்கு உரிய விலை விளங்கும்.

படைப்பு என்னும் நிலையில் இந்நாடகத்திற்கு ஒரு குறையும் உண்டு. இராவணன் அடுக்கும் சான்றுகள் பெருகப் பெருக நகை பின்வாங்கி வாதம் முன்னிற்கிறது. எள்ளல் எதிர்த்தரப்பின்மீது மட்டுமே செல்கிறது. பேராசிரியர் குறிக்கும் தன்னிடத்துத் தோன்றும் நகைக்கு இராவணனிடம் இடமில்லை. மத்தவிலாசத்தின் நாகசேனன், புத்தர் மதுவையும் மகளிரையும் ஏன் விலக்கினார் என வருந்தித் தன்னைத் தானே நகைப்புக்கு ஆளாக்குவதை இதனோடு ஒப்பிடலாம். கருத்தளவில் அண்ணாவின் நாடகம் துணிவு மிக்கது. நகைச்சுவையளவில் பல்லவ மன்னனின் பிரகசனம் வளம் மிக்கது.

முடிவுரை

இம்மூன்று படைப்புகளையும் ‘அங்கதம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தால், தூதரின் பேச்சும் மன்னனின் விளையாட்டும் இயக்கத் தலைவரின் மறுவிசாரணையும் ஒரே தன்மையனவாகத் தோன்றும். செம்பொருள், பழிகரப்பு என்னும் பாகுபாடு கூற்றின் நடையை மட்டுமன்றி, பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான அதிகார உறவையும் காட்டவல்லது. ஆகவே ஒரு படைப்பை அங்கதம் என வகைப்படுத்தும் ஆய்வாளர், அதில் மறைக்கப்பட்டது எது என்பதோடு யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்பதையும் கூறக் கடமைப்பட்டவர். ஔவையார் மறைத்தது தொண்டைமானிடம். மகேந்திரவர்மன் மறைக்க வேண்டியவர் எவரும் இலர். அவனது நாடகம் தொடாமல் விட்டது அவனை மட்டுமே.