ஒரே கொற்கை, இரண்டு கோப்பு

நாஸ் பெட்டி அமைப்பது எப்படி என்று விளக்கும் வழிகாட்டிகள் இணையத்தில் ஏராளம். எல்லாவற்றிலும் ஒரு வரி மாறவே மாறாது: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலிருந்தும் ஒரே ஃபோல்டரைத் திறக்கலாம். படத்தில் காட்டும் கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். ஆங்கிலப் பெயருக்கு அந்த வரி உண்மை. தமிழ்ப் பெயருக்குப் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சாகுபுரத்தில் உட்கார்ந்து இந்தக் கரையின் வரலாற்றை ஸ்கேன் செய்து சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினம், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று பெயர் வைத்தால் ஒரு வம்பும் இல்லை. தாமிரபரணியைத் தாண்டி வடக்கே கொற்கைக்குப் போனால்தான் வினை. 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். முதல் விதத்தில் கொற்கை 6 குறியீடு, யூடிஎஃப்-8ல் 18 பைட். இரண்டாவதில் 7 குறியீடு, 21 பைட். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தோணி, கோவில்பட்டி எல்லாம் இதே கேஸ்.

1998ல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்போதும் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் இருப்பது லினக்ஸ். அதற்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. நடுவில் மொழிபெயர்க்கும் சம்பா, 2003ல் 3.0 பதிப்பிலேயே யூனிகோடுக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த இரண்டு கொற்கையையும் ஒன்று என்று அது சொல்லாது. பழைய மேக் டிஸ்க்கை ஆர்சிங்க் மூலம் நாஸுக்கு ஏற்றி, பிறகு விண்டோஸிலிருந்து அதே பெயரில் சேமித்தால், ஒரே ஃபோல்டரில் இரண்டு கொற்கை நிற்கும். ஒன்றைத் திருத்துவீர்கள், மற்றது பழையபடியே இருக்கும். பேக்கப் இரண்டையும் பத்திரமாகக் காப்பாற்றும். டெர்மினலில் பெயர் அடித்துத் தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். கோப்பு தொலையவில்லை, ஆனால் தொலைந்த மாதிரிதான்.

யார் மேல் தப்பு? லினஸ் டோர்வால்ட்ஸ் ஆப்பிளின் முறையைப் பல தடவை கடுமையாகத் திட்டியிருக்கிறார். பயனர் வைத்த பெயரைக் கோப்பு முறைமை சத்தமில்லாமல் மாற்றக் கூடாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பைட்டை மட்டும் பார்ப்பேன் என்ற மறுமுனையும் நடுநிலை அல்ல. ஆங்கில எழுத்தில் பைட்டும் எழுத்தும் ஒன்றாக இருப்பதால் அது நடுநிலை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். 2017ல் வந்த ஏபிஎஃப்எஸ் நடுவழியைப் பிடித்தது: பெயரை மாற்றாதே, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக எடு. 2019ல் லினக்ஸ் 5.2ம் எக்ஸ்ட்4ல் இதையே கொண்டுவந்தது. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதத்தை மறக்கும் வசதியின் ஒரு பகுதியாக. அதையும் காலி ஃபோல்டரில் நாமே இயக்க வேண்டும். அந்தப் பேதமே இல்லாத தமிழுக்கு அந்த வாசல் வழியாகத்தான் மருந்து வந்தது!

இன்னொரு தொல்லை நீளம். எக்ஸ்ட்4ல் பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டோடு சரி. புள்ளியும் துணைக்காலும்கூட அதில் அடக்கம். என்டிஎஃப்எஸ்ஸில் 255 தமிழ்க் குறியீடு வரை போகும். ஆக, கட்டுரைத் தலைப்பை முழுசாகப் பெயராக வைத்தால் விண்டோஸில் சேமிக்கலாம், நாஸுக்குக் காப்பி ஆகாது.

செய்ய வேண்டியது சொற்பம். மேக்கிலிருந்து ஆர்சிங்க் செய்தால் அதன் ஐகான்வ் விருப்பத்தையும், என்எஃப்எஸ் மவுண்ட் என்றால் என்எஃப்சி விருப்பத்தையும் போடுங்கள். ஏற்கெனவே கலந்துபோனவற்றை கன்வ்எம்வி சரிசெய்யும். முதலில் சோதனை ஓட்டம் மட்டும் விட்டு, இரட்டைகளைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். இசட்எஃப்எஸ் என்றால் நார்மலைசேஷன் அமைப்பை உருவாக்கும்போதே கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

வழிகாட்டி எழுதுபவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மூன்று இயங்குதளத்திலும் 'கொற்கை' என்று ஒரு கோப்பை வைத்துப் பாருங்கள். அதில் தேறினால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள்.