வலிமை கடைசி அளவுகோல்

துப்பாக்கி மருந்தின் தரத்தை அதன் வலிமையைக் கொண்டு சொல்வது பழைய பிழை. 1846இல் வேதியியலாளர் ஷோன்பைன் அறிவித்த வெடிப்பஞ்சு (நைட்ரோசெல்லுலோஸ்), கருமருந்தைவிடப் பல மடங்கு வலியது. துப்பாக்கியில் அதை நிரப்பியவர்கள் குழல் பிளந்ததைத்தான் கண்டார்கள். ரவை நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் உச்சிக்கு ஏறிவிட்டால் அந்த வலிமையால் பயனில்லை.

கருமருந்துக்கு வேறு குறை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் புகை, குழலுக்குள் படியும் கசடு. 1898இல் ஸ்பெயினுடனான போரின்போது கியூபாவில் அதைச் சுட்ட அமெரிக்கத் தொண்டர் படையினர், தாங்கள் பதுங்கிய இடத்தைப் புகையாலேயே ஸ்பானியர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். ஆனால் ஈரம் படாமல் வைத்தால் கருமருந்து தலைமுறைகள் தாண்டியும் கெடாது. இந்த அருமையைப் பின்வந்தவர்கள் மதிக்கவில்லை.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியே வெடிப்பஞ்சைக் கூழாக்கித் தகடாக்கினார். தகட்டின் மேற்பரப்பு மட்டுமே அடுக்கடுக்காக எரிந்தது. எரியும் வேகம் தகட்டின் கனத்துக்குக் கட்டுப்பட்டது. துப்பாக்கி மருந்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாய்ச்சல் இல்லை என்பேன். ஆனால் அந்த மருந்து கிடங்கில் இருந்தபடியே சிதைந்தது. தூலோன் துறைமுகத்தில் 1907இல் 'இயேனா', 1911இல் 'லிபெர்தே' ஆகிய போர்க்கப்பல்கள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதற்கு இந்த மருந்தே காரணம் எனக் கருதப்பட்டது. சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பற்றிக்கொள்ளும் டைபீனைலமைன் அதன்பிறகே பிரெஞ்சு மருந்தில் இடம்பெற்றது.

பிரிட்டனின் கார்டைட் என்ற மருந்தில் முதலில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். அதன் சூடு தாங்காமல் குழலின் உட்பள்ளங்கள் அரித்துப்போயின. போயர் போருக்குப் பிறகு நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காகவே எழுந்தது.

ரைஃபிளுக்கு என் தீர்ப்பு, டைபீனைலமைன் சேர்த்த, நைட்ரோகிளிசரின் கலவாத நைட்ரோசெல்லுலோஸ் மருந்துக்கே. வேகத்தில் சற்றுக் குறைந்தாலும் குழலைக் காக்கும், கிடங்கில் நிலைக்கும். ஈரத்தை எதிர்ப்பதில் கார்டைட் ஒருபடி மேல்தான். மூடி முத்திரையிட்ட தோட்டாவுக்குள் அந்த மேன்மைக்குப் பெரிய வேலையில்லை.

ஆனால் துப்பாக்கியைப் பாராமல் சொல்லும் தீர்ப்பு செல்லாது. வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்-16 ரைஃபிள் அடிக்கடி சிக்கியதற்கு ஒரு காரணம், ஒரு மருந்தை நம்பி வடிவமைத்த துப்பாக்கிக்கு வேறொரு மருந்தைக் கொடுத்தது. புதிய மருந்து மற்ற துப்பாக்கிகளில் நன்றாகவே உழைத்தது. எம்-16இல் சுடும் வேகத்தைக் கூட்டி, கசடையும் சேர்த்தது. மருந்தை மாற்றியவர்கள் ரவையின் வேகத்தை அளந்த அக்கறையோடு இதையும் அளந்திருக்க வேண்டும்.