ஓஸோன் பக்தி

மார்கழி விடியலில் ஓஸோன் கொட்டிக் கிடக்கிறதாம். அதற்காகத்தான் முன்னோர்கள் நம் பெண்களைக் கோலம் போட எழுப்பினார்களாம். மேடையில் இதைக் கேட்டுத் தலையாட்டாத சபை அபூர்வம். தரையை ஒட்டிய ஓஸோன் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாவது, நுரையீரலுக்கு ஆகாதது. விடியலில் அது குறைந்தே இருக்கும். போகட்டும், ரஸாயனத்தில் பிழை சின்ன விஷயம். திருப்பாவையின் 30 பாசுரங்களைப் புரட்டினால் காரணம் கண்ணெதிரே இருக்கிறதே! நாட்டில் மழை பெய்ய வேண்டும். பிறவிதோறும் கண்ணனுக்குத் தொண்டு செய்ய வேண்டும். இதற்காக அந்தப் பெண்கள் நெய்யையும் பாலையும் பூவையும் விட்டார்கள். பிரசங்கியாருக்கு இதைச் சொல்லக் கூச்சம் போலும். ஓஸோனிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கப் போகிறார். நாளைக்கு ஒரு பேத்தி விஞ்ஞானம் படித்துவிட்டு, "அப்படியானால் நான் தூங்கலாமே, பாட்டி?" என்று கேட்டால் பாட்டி என்ன சொல்லுவாள்?