ஒரு காது, இரண்டு கேட்லாக்

ரே சார்லஸை ‘ஸோல்’ பாடகராக மட்டும் தெரிந்து வைத்திருந்தீர்கள் என்றால், 1962-ல் அவர் வெளியிட்ட ‘மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்’ ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஹாங்க் வில்லியம்ஸ், டான் கிப்ஸன் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய பாட்டுகள். நடுவே ‘கேர்லெஸ் லவ்’. இந்தப் பழைய பாட்டை ப்ளூஸ் அரசி பெஸ்ஸி ஸ்மித் 1925-லேயே ரெகார்டு கொடுத்துவிட்டார்.

1920-களில் அமெரிக்க ரெகார்டு கம்பெனிகள் கறுப்பர்களுக்கு ‘ரேஸ்’, தெற்கத்தி வெள்ளையர்களுக்கு ‘ஹில்பில்லி’ என்று தனித்தனி கேட்லாக் போட்டன. வியாபாரம் சார்! ரேடியோவுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. ஏழு வயதில் பார்வை போன ரே, சனிக்கிழமை ராத்திரிகளில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ கன்ட்ரி நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் வளர்ந்தார்.

‘ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ’வில் கோரஸ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாகப் பாடுகிறது. வயலின்கள் சர்க்கரைப் பாகு, எனக்குத் திகட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ரே கொஞ்சம் தாமதமாக, சுருதியை வளைத்துக்கொண்டு பதில் சொல்கிறார் பாருங்கள், அது கறுப்பர் சர்ச்சில் கற்றது. சர்ச்சில் ஒருவர் பாட, சபை பதில் பாடும். இங்கே உல்ட்டா. அந்த அரை விநாடித் தாமதத்தில் சோகப் பாட்டு நிஜமாகவே சோகமாகிவிடுகிறது.

பாட்டு ஐந்து வாரம் நம்பர் ஒன். நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது 2021-ல். 2004-லேயே ரே போய்ச் சேர்ந்துவிட்டார்.